கண் திறக்காத குட்டிக்கு என்ன குளியல்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஈசூனில் தரைவீடு. வீட்டு நாய் ஒன்பது நாளைக்கு முன் நான்கு குட்டி போட்டிருக்கிறது. அறையில் வாடை, குட்டிகளின் வயிற்றிலும் பின்பக்கத்திலும் அழுக்கு ஒட்டியிருக்கிறது. "பச்சைப்பிள்ளைக்குச் செய்வதுபோல மஞ்சள் பூசி வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடும்" என்கிறார் மாமியார். சிங்கப்பூரில் என்ன குளிரா அடிக்கிறது, குளிப்பாட்டினால் என்ன, எந்த ஷாம்பூ நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது குளிப்பாட்டாதீர்கள். ஷாம்பூவும் வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு டிஜிட்டல் வெப்பமானியும் கிராம் காட்டும் சமையலறைத் தராசும் வாங்கினால் அடுத்த மூன்று வாரத்துக்குக் கைகொடுக்கும். நான்கு வாரம் ஆகும்வரை துடைத்துவிடுவதுதான் குட்டிக்குக் குளியல். தண்ணீரில் இறக்குவதெல்லாம் ஆறு, எட்டு வாரத்துக்குப் பிறகு. காரணத்தையும் சொன்னால்தான் நீங்கள் வீட்டில் பேச முடியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. கால்நடை மருந்தகம் ஒன்றில் உதவியாளராக எட்டு ஆண்டு வேலை பார்த்தேன். அதற்கு முன்பும் பின்பும் தாயில்லாக் குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மாமியார் சொல்வதில் தப்பில்லை, ஆள்தான் மாறிவிட்டது. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, உள்ளங்கையால் நெற்றியில் அணை கட்டித் தலைக்கு ஊற்றுகிற பாட்டிகளின் கை எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பிள்ளை மூன்று கிலோ. உங்கள் வீட்டுக் குட்டி பிறக்கும்போது 200, 300 கிராம்தான் இருந்திருக்கும். உருவம் சிறுக்கச் சிறுக்க, எடைக்குக் கணக்குப் பார்த்தால் தோலின் பரப்பு கூடிக்கொண்டே போகும். ஒரு பெரிய குண்டான் சாம்பார் ஒரு மணி நேரம் கழித்தும் சுடுகிறது, அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றினால் சாப்பிட உட்காருவதற்குள் ஆறிவிடுகிறது. அதே கதைதான் இங்கேயும்.

இதோடு இன்னொன்றும் சேருகிறது. பெரிய நாய்க்குக் குளிரெடுத்தால் உடல் நடுங்கித் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். பிறந்த முதல் வாரத்தில் குட்டிக்கு அந்த நடுக்கமே வராது. தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் குறைவு. முதல் வாரத்தில் அதன் உடல் வெப்பமே 35 முதல் 37 டிகிரி வரைதான் இருக்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் 36இலிருந்து 37.8 வரை ஏறும். பெரிய நாயின் 38, 39க்கு வந்து சேர நான்கு வாரம் ஆகும். அதுவரை சூடு என்பது வெளியிலிருந்து வாங்குவது. தாயின் வயிறு, கூடப் பிறந்தவர்களின் முதுகு, படுக்கை, இந்த மூன்றும்தான் கடன் கொடுக்கும் இடங்கள். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பது பாசத்தால் மட்டும் அல்ல.

இப்போது இந்த உடம்பை நனைப்பதாக நினைத்துப் பாருங்கள். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி சூடு வேண்டும் (சாப்பாட்டுக் கணக்குக் கலோரி அல்ல, பள்ளிக்கூட இயற்பியல் கலோரி). 300 கிராம் குட்டியின் உடல் ஒரு டிகிரி இறங்க 250 கலோரி போனால் போதும். அந்த ஒரு கிராம் தண்ணீரும் குட்டியின் உடம்பிலிருந்தே சூட்டை இழுத்தால் இரண்டு டிகிரிக்கு மேல் காலி. நடப்பில் பாதிச் சூடு காற்றிலிருந்தும் வரும் என்று வைத்துக்கொண்டாலும், நனைந்த குட்டியின் ரோமத்தில் நிற்பது ஒரு கிராம் அல்ல, தேக்கரண்டிக் கணக்கு. வெந்நீரில் குளிப்பாட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. வெந்நீர் இருக்கும்வரை கதகதப்பு, தூக்கிய நொடியிலிருந்து இழப்பு.

"இங்கே என்ன குளிரா?" என்ற கேள்விக்கு வருவோம். நமக்கு ஈசூனின் 30 டிகிரி புழுக்கம். குட்டிக்கு முதல் வாரத்தில் படுக்கையே 29 முதல் 32 டிகிரி வரை இருக்க வேண்டும். இரவில் மழை பெய்து 24க்கு இறங்கினால் அதற்கு அது குளிர். ஏர்கான் ஓடும் அறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழாய்த் தண்ணீர் நம் கைக்குச் சில்லென்றே இருக்காது, அதுதான் ஏமாற்று. குட்டியின் உடல் சூட்டைவிட அது ஏழெட்டு டிகிரி குறைவு. நம் ஊர்க் காற்றில் ஈரம் வேறு எப்போதும் மண்டிக் கிடக்கிறது. துணி காயவே அரை நாள் ஆகிறதே, குட்டியின் அடி ரோமம் மட்டும் சட்டென்று காய்ந்துவிடுமா? சீக்கிரம் காயட்டும் என்று நாம் விசிறியை வைப்போம். அங்கேதான் வினை.

வினை என்று சும்மா சொல்லவில்லை. 2011இல் முதன்முதலாக எனக்கு வந்தவை துவாஸில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் மரப்பலகை அடுக்குக்கு அடியில் கிடந்த ஐந்து குட்டிகள். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. டீசல் நாற்றம் குடலைப் புரட்டியது. இரவு ஒன்பது மணிக்குச் சமையலறைத் தொட்டியில், குழாயடியில், ஐந்தையும் வரிசையாகக் கழுவினேன். துவட்டினேன் என்றுதான் நினைத்தேன். கூடத்தில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் சிறியதற்கு முன்கால் இரண்டும் வெள்ளை. பதினொரு மணிக்கு அது கூட்டத்தை விட்டு விலகித் தனியாகக் கிடந்தது. பசி போல என்று நினைத்துப் புட்டியை வாயில் வைத்தேன். உறிஞ்சவில்லை, பால் மூக்கு வழியாக வந்தது. விடியும்போது அதன் கால்கள் விறைத்திருந்தன. மறுநாள் பார்த்த மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "சூடு எவ்வளவு இருந்தது?" என்று மட்டும் கேட்டார். நான் அளந்தே பார்க்கவில்லை.

பிற்பாடுதான் விவரம் புரிந்தது. உடல் சூடு 34.4க்குக் கீழே இறங்கினால் குட்டியின் குடல் வேலை நிறுத்திவிடும், உறிஞ்சும் பழக்கமும் போய்விடும். அந்த நேரத்தில் ஊட்டும் பால் வயிற்றில் கிடந்து புளிக்கும், இல்லாவிட்டால் நுரையீரலுக்குப் போகும். நாய்களுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸ் என்று ஒன்று உண்டு. பெரிய நாயைப் பெரிதாக ஒன்றும் செய்யாது, மூன்று வாரத்துக்கு உட்பட்ட குட்டிகளைக் கொன்றுவிடும். அது பெருகுவதற்கும் சூடு குறைந்த உடம்புதான் வசதி. ஆகக் குளியல் என்பது அழுக்கு சம்பந்தப்பட்ட விஷயமே அல்ல, சூடு சம்பந்தப்பட்டது.

சரி, வாடைக்கு என்ன வழி? முகர்ந்து பாருங்கள், உண்மையாகவே. ஒரு குட்டியைத் தூக்கித் தலையுச்சியை முகருங்கள். பால் கலந்த ஒரு மணம் வரும், நாற்றம் வராது. அப்புறம் படுக்கைத் துணியின் ஓரத்தை முகருங்கள். பத்தில் ஒன்பது தடவை குற்றவாளி துணிதான். குட்டிகளின் மூத்திரம், தாயின் கசிவு, சிந்திய பால் எல்லாம் அதில் ஊறியிருக்கும். முதல் இரண்டு வாரம் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று தடவை துணி மாற்றுங்கள். மணமூட்டும் திரவம் போடாமல் துவைத்து முழுக்கக் காயவைத்து விரியுங்கள். பழைய வேட்டி, பருத்திப் புடவைத் துண்டு நன்றாக இருக்கும். பூத்துவாலை வேண்டாம், அதன் நூல் சுருக்கில் குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும். வெறும் செய்தித்தாளும் வேண்டாம், வழுக்கும். வழுக்கும் தரையில் தவழ்கிற குட்டிகளுக்குக் கால்கள் தவளை மாதிரி பக்கவாட்டில் விரிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரே நேரத்தில் எல்லாத் துணியையும் மாற்றிவிடாமல், தாயின் வாசனை உள்ள சிறு துண்டு ஒன்றை உள்ளே விட்டுவையுங்கள். கண் திறக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும், காது அதற்குச் சில நாள் கழித்துத்தான். உங்கள் குட்டிகளுக்கு இப்போது உலகம் என்றால் மணமும் சூடும்தான். மூக்கால்தான் காம்பைத் தேடிப் பிடிக்கின்றன. தாயும் மூக்கால்தான் இவை தன்னுடையவை என்று தெரிந்துகொள்கிறது. லாவெண்டர், தேங்காய் வாசனை என்று பூசி அனுப்பினால் சில நாய்கள் முகர்ந்துவிட்டு விலகிப் படுத்துக்கொள்ளும்.

தாயையும் ஒரு தடவை பாருங்கள். பிரசவத்துக்குப் பின் சில வாரம் வரை கொஞ்சம் கசிவு இருக்கும், நாளாக ஆகக் குறையும். கெட்ட நாற்றம் அடித்தாலோ, சீழ் போல வந்தாலோ, தாய் சாப்பிடாமல் காய்ச்சலாகக் கிடந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு போங்கள். அது கருப்பைத் தொற்றாக இருக்கலாம். மற்றபடி அதன் வால், பின்தொடை ரோமத்தை ஈரத் துணியால் துடைத்து, காம்புகளை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒற்றி உலர்த்தினால் அறையில் பாதி வாடை போய்விடும். காம்பில் எந்தச் சோப்பும் படக்கூடாது.

குட்டியின் பின்பக்கம் சுத்தமாக இருப்பது தாயின் நாக்கு வேலை. நக்கிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரமே போகும், மலமும் அப்படித்தான். இரண்டு, மூன்று வாரம் வரை தானாகப் போகத் தெரியாது. போனதைத் தாயே தின்றுவிடும். அருவருக்க வேண்டாம், அது அப்படித்தான். நான்கு குட்டிக்கும் பின்பக்கம் தொடர்ந்து அழுக்காக இருக்கிறதென்றால் தாய் சரியாக நக்குவதில்லை அல்லது குட்டிகளுக்கு வயிறு போகிறது என்று அர்த்தம். இது இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. மலம் மஞ்சளாகக் குழைந்த சாதம் போல இருந்தால் நல்லது. தண்ணீராகவோ, பச்சையாகவோ, இரத்தத்தோடோ வந்தால் காத்திருக்காதீர்கள்.

துடைப்பது எப்படி? சின்ன வேலைதான், முறையாகச் செய்ய வேண்டும். விசிறி, ஏர்கான் நிறுத்தம், சன்னல் சாத்தல். நேரம் பகல் பதினொன்றிலிருந்து மூன்றுக்குள். சிறு கிண்ணத்தில் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர், மணிக்கட்டின் உள்பக்கம் விட்டால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. பஞ்சு உருண்டைகள் ஒரு பத்து. மடியில் காய்ந்த துண்டு. ஒரு குட்டியை மட்டும் எடுங்கள், மற்றவை தாயிடமே இருக்கட்டும். தாய் பதறினால் அது பார்க்கிற தூரத்திலேயே உட்காருங்கள், எங்கோ தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, சொட்டாத அளவில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கருகில் காய்ந்த பால், பிறகு கன்னம், வயிறு, கடைசியில் பின்பக்கம். இந்த வரிசை மாறக்கூடாது, பின்பக்கம் துடைத்த பஞ்சு முகத்துக்குப் போகக்கூடாது. காய்ந்து ஒட்டிய மலத்தைப் பிய்த்து இழுக்காதீர்கள். ஈரப் பஞ்சை அதன்மேல் முப்பது எண்ணும்வரை வைத்திருந்தால் ஊறித் தானே வரும். இழுத்தால் தோலே உரியும், அந்த வயதில் தோல் வெங்காயச் சருகு மாதிரி. பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துத் தாயிடம் கொடுங்கள். ஒரு குட்டிக்கு இரண்டு நிமிடம் போதும். மூடியிருக்கும் கண்ணைத் திறக்க முயலாதீர்கள், காதுக்குள் ஒன்றும் நுழைக்காதீர்கள்.

ஒன்பது நாள் ஆகிவிட்டதால் தொப்புள்கொடி விழுந்திருக்கும், சாதாரணமாக இரண்டு, மூன்று நாளில் காய்ந்து விழுந்துவிடும். விழுந்த இடம் சிவந்து, வீங்கி, ஈரமாக இருந்தால் காட்டுங்கள். ஈன்ற மறுநாளே குளிப்பாட்ட நினைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன், ஈரமான தொப்புள் கிருமிக்கு வாசல்.

இனி மஞ்சள் முதலான விஷயங்கள். மஞ்சளால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பூசினால் கழுவ வேண்டும், கழுவினால் மறுபடி அதே கதை. டெட்டால் வேண்டவே வேண்டாம். தண்ணீரில் ஒரு மூடி ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம், ஆனால் அந்தத் தோலை அது எரித்துவிடும், தாய் நக்கினால் அதன் வயிற்றுக்கும் போகும். வேப்பெண்ணெய், டீ ட்ரீ எண்ணெய் இரண்டும் வேண்டாம், இரண்டாவது நாய்களுக்கு நஞ்சு, தள்ளாடி நடுங்கி விழும். பச்சைக் கற்பூரம் போட்ட எதுவும் கூடாது. சளி பிடித்திருக்குமோ என்று கோடாலித் தைலத்தை ஒரு சொட்டு நெஞ்சில் தேய்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அது சர்வரோக நிவாரணி, குட்டிக்கு அல்ல. குழந்தைப் பவுடரும் வேண்டாம், மூச்சுக்குள் போகும். மனிதத் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்பச் செய்த ஷாம்பூ நாயின் தோலுக்குப் பொருந்தாது, நாயின் தோல் நம்முடையதைவிட நடுநிலைக்குப் பக்கம்.

தெள்ளும் உண்ணியும் இருந்தால்? பலர் குளிப்பாட்டக் கிளம்புவதே இதற்காகத்தான். மருந்து ஷாம்பூ, கழுத்தில் விடும் சொட்டு மருந்து பெரும்பாலானவை ஏழு, எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு ஆகாது. பெரிய நாயின் மருந்தைக் கொஞ்சமாக விடலாம் என்று நினைப்பதும் தப்பு. தேக்காவில் விற்கும் பேன் சீப்புதான் இங்கே ஆயுதம். பக்கத்தில் சோப்புத் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, கழுத்திலிருந்து வாலடிவரை மெல்லச் சீவி, மாட்டுவதைக் கிண்ணத்தில் முக்குங்கள். தெள்ளு நீந்தாது, சோப்பில் முழுகிவிடும். சிறு குட்டிக்குத் தெள்ளு அதிகமானால் இரத்தமே குறைந்துவிடும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு மருத்துவரைத் தேடுங்கள். அந்த வயதுக்கு ஏற்ற மருந்து அவரிடம் இருக்கும். தாய்க்கும் பால் கொடுக்கும் காலத்தில் எது ஆகும் என்று அவரிடமே கேளுங்கள், தாயிடமிருந்துதான் தெள்ளு வருகிறது.

கழுவியே ஆக வேண்டிய நேரமும் வரும். வயிறு போய் உடம்பெல்லாம் மெழுகிவிட்டது, எண்ணெய் கொட்டிவிட்டது, எலி பிடிக்கும் பசைத்தட்டில் புரண்டுவிட்டது போன்றவை. பசையும் கிரீஸும் தண்ணீருக்கு அசையாது. சமையல் எண்ணெயை விரலால் தேய்த்து இளக்கித் துணியால் வழித்தெடுங்கள். மிச்ச எண்ணெய்க்குத்தான் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், அதுவும் அந்த இடத்துக்கு மட்டும். டீசல், பெயிண்ட் மாதிரி என்றால் குட்டியோ தாயோ நக்குவதற்குள் துண்டில் சுற்றி மருத்துவரிடம் போவதுதான் சரி.

அப்படிக் கழுவும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் துண்டுகளைத் தயார் செய்வேன், தண்ணீரை அல்ல. மூன்று மெல்லிய துண்டு, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சூடாக்கி மடித்து வைத்தது. பிறகு சின்னத் தொட்டியில் 37, 38 டிகிரித் தண்ணீர், குழந்தைக் குளியலுக்கு விற்கிற வெப்பமானியால் அளந்தது. உடனடி வெந்நீர்க் கருவியின் குழாயடியில் நேரே பிடிப்பதே இல்லை. முதலில் பச்சைத் தண்ணீர் வரும், திடீரென்று சுடும், குட்டியால் கத்தத்தான் முடியும், நகர முடியாது. ஒரு கையில் மார்பை ஏந்தி, தலை என் மணிக்கட்டில் சாய்ந்திருக்க, அழுக்கான பாகத்தை மட்டும் தண்ணீரில் நனைப்பேன். தலைக்கு ஊற்றுவது கிடையாது. மூக்கில் போகும் ஒரு துளி நுரையீரல் காய்ச்சலில் முடியலாம். தண்ணீரில் ஒரு நிமிடம். அதற்கப்புறம் பதினைந்து நிமிடம் துவட்டல்.

துவட்டுவதில் அவசரம் கூடாது. முதல் துண்டில் சுற்றி அழுத்திப் பிழிந்தெடுப்பது, தேய்ப்பது அல்ல. இரண்டாவது துண்டால் அக்குள், தொடையிடுக்கு, காதுமடலுக்கு அடி, விரலிடுக்கு. ஈரம் ஒளிந்திருக்கும் இடங்கள் இவை. மூன்றாவதில் சுற்றி என் சட்டைக்குள், வயிற்றோடு. முடி உலர்த்தும் கருவி தேவைப்பட்டால் மிகக் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளி, நடுவில் என் கையை வைத்துக்கொண்டு. என் கைக்குச் சுட்டால் குட்டிக்கு வேகும். காய்ந்துவிட்டதா என்று தெரிய, பிடரியில் ரோமத்தை எதிர்த்திசையில் கோதி அடியில் விரல் வையுங்கள். மேலே பஞ்சு மாதிரி இருக்கும், அடியில் இன்னும் ஈரம் இருக்கும். அது போகும்வரை பெட்டிக்குள் விடாதீர்கள்.

எல்லாம் செய்தும் குட்டி சில்லிட்டால்? தனியே விலகிக் கிடப்பது, முனகிக்கொண்டே இருப்பது, தூக்கினால் துணிபோலத் தொங்குவது, வாய்க்குள் விரல் விட்டால் சில்லென்றிருப்பது, இவை அடையாளம். வெப்பமானி நுனியில் கொஞ்சம் வாசலின் தடவி ஆசனவாயில் அளந்து பாருங்கள். பால் கொடுக்காதீர்கள், இது முதல் விதி. வெடுக்கென்று சூடாக்கவும் கூடாது. உங்கள் தோலோடு ஒட்டி வைத்து, வெளியே துண்டு சுற்றி, மணிக்கு ஒரு டிகிரி கணக்கில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் ஏற்றுங்கள். வெந்நீர்ப் புட்டி என்றால் இரண்டு மடிப்புத் துணி சுற்றியது. 36ஐத் தொட்டு, விரலை உறிஞ்ச ஆரம்பித்தபின் பால். நடுவிலேயே மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் கால்நடை மருந்தகங்கள் இங்கே உண்டு. அந்த எண்ணை இன்றைக்கே குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள், இரவு இரண்டு மணிக்குத் தேடும்போது கை நடுங்கும்.

பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு பாதி கதகதப்பாகவும் மறுபாதி சாதாரணமாகவும் இருக்கட்டும், சூடு கூடினால் குட்டி ஊர்ந்து போக ஓர் இடம் வேண்டும். எல்லாம் ஆளுக்கொரு மூலையில் பரந்து கிடந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஒரே குவியலாகக் கிடந்து கத்தினால் குறைவு. பால் மணத்துக்கு எறும்பு வரும், நம் ஊரில் இது பெரிய தொல்லை. பெட்டியை ஒரு முக்காலியின் மேல் ஏற்றி, கால்களை நான்கு கிண்ணத் தண்ணீரில் நிறுத்துங்கள், பாட்டி காலத்தில் பலகாரப் பாத்திரத்துக்குச் செய்ததுதான். எறும்பு மருந்து அடிக்காதீர்கள். தரையைக் கழுவ ஒரு பங்கு கிளோராக்ஸுக்கு (துணி வெளுக்கும் பிளீச் திரவம்) முப்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் ஊறவிட்டு, அலசி, வாடை போகக் காய்ந்த பிறகு மட்டும் குட்டிகளை உள்ளே விடுங்கள். பார்க்க வருகிறவர்கள் வேறு நாயைத் தொட்டுவிட்டு வந்திருந்தால் கையைக் கழுவச் சொல்லத் தயங்காதீர்கள். குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் செருப்பிலும் சட்டையிலும் பயணம் செய்யும்.

தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதி வையுங்கள். பத்து நாளில் பிறந்த எடை இரட்டிக்க வேண்டும், அதாவது உங்கள் குட்டிகள் இன்று நாளைக்குள். சுத்தமாக இருந்தும் எடை நிற்கிற குட்டியைவிட, கொஞ்சம் அழுக்காக இருந்து தினம் இருபது, முப்பது கிராம் ஏறுகிற குட்டி எனக்குப் போதும்.

மூன்று வாரம் தாண்டியதும் தட்டில் பால், கூழ் வைப்பீர்கள். அதில் இறங்கி நீந்தும். அப்போதும் துடைப்புதான், துணி மட்டும் பெரிதாகும். ஐந்தாம் வாரத்தில் ஒரு தட்டில் ஓர் அங்குல வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துப் பாதத்தை மட்டும் நனைத்து விளையாட விடுங்கள். அந்தப் பருவத்தில் பழகியதற்கு நாய் பிற்காலத்தில் பயப்படாது. முதல் முழுக் குளியலை ஆறு, எட்டு வாரத்தில் வையுங்கள், தடுப்பூசி போட்ட அன்றோ மறுநாளோ வேண்டாம், இரண்டு மூன்று நாள் தள்ளிப் போடலாம். குட்டிகளுக்கு என்றே எழுதியிருக்கும் வாசனையில்லாத ஷாம்பூ, ஒரு சின்னக் கரண்டி, தண்ணீரில் கலக்கியது. தொட்டியின் அடியில் ஒரு துண்டை விரித்தால் கால் வழுக்காது, பயம் பாதி போய்விடும். தண்ணீர் வயிற்றளவு. முகத்துக்குத் துணி மட்டும். குட்டிகளை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஒரே ஒரு நாய்க்குத்தான் அனுமதி, அதுவும் அனுமதிக்கப்பட்ட சிறிய இனம், மூன்று மாதம் ஆனதும் உரிமம் எடுக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த முதல் குளியலன்று உங்கள் மாமியாரையே காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். குட்டி அப்போது ஒன்றரை, இரண்டு கிலோ இருக்கும், துண்டைக் கடித்து இழுக்கும், தண்ணீரை அவர் முகத்திலேயே உதறும். ஈரம் போனதா என்று பிடரியில் விரல் வைத்துப் பார்க்கும் வேலையை அவரிடம் விடுங்கள், அந்தக் கைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சாம்பிராணி மட்டும் போட வேண்டாம்.